ஐந்து மைக்ரான்

2020 மார்ச் 28 அன்று உலகச் சுகாதார நிறுவனம் ட்விட்டரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கோவிட்-19 காற்றில் பரவும் நோய் இல்லை என்பதே அதன் முதல் வரி. நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் வெளிவரும் துளிகள் கனமானவை, காற்றில் தங்காமல் சீக்கிரமே கீழே விழுந்துவிடும். ஆகவே ஒரு மீட்டர் விலகி நில்லுங்கள், தொடும் பொருட்களைத் துடையுங்கள், அடிக்கடி கை கழுவுங்கள் என்று அது சொன்னது.

நாமும் அப்படியே செய்தோம். பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். காய்கறியை மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு வெயிலில் உலர்த்தினோம். செய்தித்தாள் வாங்குவதை நிறுத்தினோம். தீயணைப்பு வண்டிகள் தெருத்தெருவாகக் கிருமிநாசினியைப் பீய்ச்சின. திருப்பூரில் சந்தைக்குள் நுழைகிறவர்கள் மேல் மருந்து தெளிக்க ஒரு சுரங்கப்பாதையே அமைத்தார்கள். மற்ற ஊர்களும் அதைப் பார்த்துச் செய்யத் தொடங்கியபோது பொதுச் சுகாதாரத் துறை வேண்டாமென்று தடுத்தது. அதே நாட்களில் வங்கியிலும் மருந்துக்கடையிலும் ஸ்கேன் சென்டரிலும் கண்ணாடிக் கதவை அடைத்து ஏசி போட்ட அறைக்குள், தரையில் வரைந்த வட்டத்தில் ஒழுங்காக நின்றோம். தொட்டால் வரும் என்று பயந்த அளவுக்கு, அடைத்த அறையில் மூச்சு விட்டால் வரும் என்று பயப்பட யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை.

ஓராண்டுக்குப் பிறகு, 2021 ஏப்ரலில், அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் ஒரு கணக்கைச் சொன்னது. வைரஸ் படிந்த பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. அதற்குள் எத்தனை லட்சம் லிட்டர் ப்ளீச்சிங் கரைசல் சாக்கடையில் போய்ச் சேர்ந்திருக்கும்! அந்த உழைப்பில் பாதியைச் சன்னல்களைத் திறக்கச் செலவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

பெருந்தொற்றுக் காலத்து அறிவியல் என்றதும் தடுப்பூசிதான் நினைவுக்கு வருகிறது. அது நியாயம்தான். ஆனால் அதே காலத்தில் இன்னொரு பெரிய மாற்றமும் நடந்தது. மூச்சின் வழியாக நோய் எப்படிப் பரவுகிறது என்ற, நூறாண்டாக மருத்துவம் நம்பிவந்த விளக்கமே திருத்தி எழுதப்பட்டது. அதைத் திருத்தியவர்களில் பலர் மருத்துவர்கள் இல்லை. புகையையும் தூசியையும் ஆராய்ந்துகொண்டிருந்த இயற்பியலாளர்கள், கட்டடக் காற்றோட்டம் படித்த பொறியாளர்கள், ஒரு வரலாற்று மாணவி.

முதலில் துளிகளின் கணக்கைப் பார்ப்போம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் 70 முதல் 100 மைக்ரான் வரை. கொரோனா வைரஸ் ஏறத்தாழ 0.1 மைக்ரான், ஆனால் அது தனியாகப் பறப்பதில்லை, எச்சிலும் சளியும் உப்பும் கலந்த துளிக்குள் இருந்தபடி வெளியே வருகிறது. அந்தத் துளியின் பருமன்தான் அது போகும் தூரத்தைத் தீர்மானிக்கிறது. நின்றுகொண்டு பேசுகிறவரின் வாய் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மைக்ரான் துளி சுமார் ஐந்து நொடியில் தரையைத் தொட்டுவிடும். 10 மைக்ரான் துளிக்கு எட்டு நிமிடம் ஆகும். 5 மைக்ரானுக்கு அரை மணி நேரம். 1 மைக்ரானுக்கு அரை நாள்.

இதுவும் அசையாத காற்றில்தான். எந்த அறையிலும் காற்று அசையாமல் இருப்பதில்லை. மின்விசிறி சுற்றுகிறது, யாரோ நடக்கிறார்கள், உடம்பின் சூட்டால் நம் ஒவ்வொருவரைச் சுற்றியும் காற்று மெதுவாக மேலெழுந்துகொண்டே இருக்கிறது. அந்த ஓட்டமே 20, 30 மைக்ரான் துளியைக்கூடத் தூக்கிக்கொண்டு போகும். போதாததற்கு, வாயைவிட்டு வெளிவந்ததும் துளியிலிருக்கும் நீர் ஆவியாகித் துளி இன்னும் சிறுக்கிறது. பூசையறையில் ஏற்றிய ஊதுபத்தியின் மணம் அடுப்படி வரை வருகிறதே, நுண்துளிகளும் அப்படித்தான் வீடு முழுக்க வரும். பத்தியின் அருகில் புகை அடர்த்தி, தள்ளிப் போகப் போகக் குறைவு. சன்னல் அடைத்திருந்தால் நேரம் ஆக ஆக எல்லா மூலையிலும் சேர்ந்துவிடும்.

அப்படியென்றால் ஒரு மீட்டரில் விழுந்துவிடும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், அழுகிய பொருட்களிலிருந்து எழும் கெட்ட காற்றுதான் நோய்களுக்குக் காரணம் என்று ஐரோப்பாவும் அமெரிக்காவும் நம்பின. கிருமிக் கொள்கை வந்து அந்த நம்பிக்கையை உடைத்தது. அமெரிக்காவில் பிராவிடன்ஸ் நகரத்தின் சுகாதார அதிகாரியாக இருந்த சார்லஸ் சேப்பின் 1910-இல் ஒரு புத்தகம் எழுதினார். நெருங்கிப் பழகுவதாலும் தொடுவதாலும்தான் தொற்று பரவுகிறது, காற்றின் பங்கு மிகச் சொற்பம் என்பது அவர் வாதம். அவருக்கு ஒரு நடைமுறைக் கவலை இருந்தது. காற்றில் கிருமி மிதக்கிறது என்று சொன்னால், தப்ப வழியில்லை என்று மக்கள் கைகழுவுவதையே விட்டுவிடுவார்கள். அந்தக் கவலையில் நியாயம் உண்டு. அவர் காலத்தில் காற்றிலிருக்கும் கிருமியை அளக்கும் கருவிகளும் பெரிதாக இல்லை. ஆனால் நிரூபிக்க முடியாததை இல்லை என்றே மருத்துவ உலகம் எடுத்துக்கொண்டது. கெட்ட காற்றுப் பேச்சு மறுபடி தலையெடுத்துவிடக்கூடாது என்ற எச்சரிக்கை பல தலைமுறை மருத்துவர்களுக்கு ஊட்டப்பட்டது.

இதை எதிர்த்து நின்றவர் வில்லியம் வெல்ஸ். ஹார்வர்டில் இருந்த சுகாதாரப் பொறியாளர். துளி விழும் வேகத்தையும் அது உலரும் வேகத்தையும் ஒரே வரைபடத்தில் வைத்து 1934-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஏறத்தாழ 100 மைக்ரானுக்கு மேற்பட்ட துளி உலர்வதற்குள் தரைக்கு வந்துவிடும். அதற்குக் கீழானது விழுவதற்குள் உலர்ந்து, கிருமியைச் சுமந்த ஒரு துகளாகக் காற்றிலேயே தங்கிவிடும். எல்லைக்கோடு 100 மைக்ரான். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெல்ஸும் மருத்துவரான அவர் மனைவி மில்ட்ரெட்டும் பிலடெல்பியா பகுதிப் பள்ளிகளின் வகுப்பறைகளில் புறஊதா விளக்குகளைப் பொருத்தினார்கள். 1941-இல் தட்டம்மை வந்தபோது விளக்குப் பொருத்திய வகுப்புகளில் நோய் கண்ட பிள்ளைகள் வெகு குறைவு. பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் தெளிவாகக் கிடைக்கவில்லை. பிள்ளைகள் பள்ளிப் பேருந்திலும் மற்ற இடங்களிலும் ஒன்றாக இருந்தார்கள், அங்கே விளக்கு ஏது? ஆனால் வெல்ஸின் கருத்தே தவறு என்று பலரும் முடிவுகட்டிவிட்டார்கள்.

அவருடைய கடைசிப் பெரிய சோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1950-களின் நடுவில் பால்டிமோர் நகரத்தில், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில், ரிச்சர்ட் ரைலி என்ற மருத்துவரோடு சேர்ந்து அதை அமைத்தார். கீழே காசநோயாளிகளுக்கென்று ஆறு தனி அறைகள். அந்த அறைகளின் காற்று முழுவதும் குழாய் வழியாக மேலே போகும். மேலே கூண்டுகளில் சுமார் 150 கினிப்பன்றிகள். நோயாளியை அவை பார்க்காது, தொடாது, அவர் பயன்படுத்திய பொருள் எதுவும் அவற்றிடம் போகாது. அவர் விட்ட மூச்சு மட்டும் போகும். மாதாமாதம் அவற்றைப் பரிசோதித்தார்கள். சராசரியாக மாதத்துக்கு மூன்று கினிப்பன்றிகளுக்குக் காசநோய் தொற்றியது. வெல்ஸ் சொன்னது சரி. ஆனாலும் சந்தேகப்பட்டவர்கள் விடவில்லை: தீவனத்திலோ தண்ணீரிலோ கிருமி கலந்திருக்கலாமே? எனவே இன்னொரு கூட்டம் கினிப்பன்றிகளைக் கொண்டுவந்து, அவற்றுக்குப் போகும் காற்றை மட்டும் புறஊதா ஒளியில் காட்டி அனுப்பினார்கள். தீவனமும் தண்ணீரும் முன்போலவே. இரண்டாவது கூட்டத்தில் ஒன்றுக்குக்கூட நோய் வரவில்லை.

இந்தச் சோதனையில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மூன்று என்ற எண். 150 உயிர்கள் நாள் முழுக்க அதே காற்றைச் சுவாசித்தும் மாதத்துக்கு மூன்றுக்குத்தான் நோய். காற்றில் பரவும் நோய் என்றால் அறையில் இருக்கும் எல்லோருக்கும் வந்தாக வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். கோவிட் காலத்தில் பெரிய மருத்துவர்களே இதை வாதமாக வைத்தார்கள்: இது காற்றில் பரவினால் தட்டம்மை மாதிரி எல்லோருக்கும் அல்லவா வரும்? பால்டிமோர் அதற்கு அறுபதாண்டு முன்பே பதில் சொல்லியிருந்தது. அந்த ஆறு அறைகளில் இருந்த நோயாளிகளும் ஒரே அளவில் பரப்பவில்லை. பெரும்பாலான தொற்றுக்குக் காரணம் ஒரு சிலர்தான். காற்றில் பரவும் நோய் அரிதாகவும் பரவலாம், எக்கச்சக்கமாகவும் பரவலாம்.

குழப்பம் அதற்குப் பிறகுதான் வந்தது. காசநோய்க் கிருமி மூக்கிலோ தொண்டையிலோ தங்கினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நுரையீரலின் அடியாழத்திலுள்ள காற்றுப்பைகளுக்குள் போனால்தான் அது வேர்பிடிக்கும். அவ்வளவு தூரம் போகக்கூடியவை ஏறத்தாழ 5 மைக்ரானுக்குக் கீழான துகள்கள் மட்டுமே; பெரியவை வழியிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆக, காசநோயைப் பொறுத்தவரை 5 மைக்ரான் முக்கியமான எண். வெல்ஸின் 100 மைக்ரான் எது மிதக்கும் என்பதைச் சொல்லியது. இந்த 5 மைக்ரான் எது நுரையீரலின் அடிவரை போகும் என்பதைச் சொல்லியது. 1960-களை ஒட்டி இந்த இரண்டு கேள்விகளும் பாடப்புத்தகங்களிலும் கையேடுகளிலும் ஒன்றாகிப் போயின. 5 மைக்ரானுக்கு மேலானது எல்லாம் உடனே விழுந்துவிடும் என்று அச்சாகத் தொடங்கியது. அதை எடுத்து எழுதியவரைப் பார்த்து அடுத்தவர் எழுதினார். உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து தேர்வு எழுதினார்கள்.

இதைக் கண்டுபிடித்தது பெருந்தொற்றுக்கு நடுவில்தான். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் காற்றில் மிதக்கும் நுண்துகள்களை ஆராயும் பொறியாளர் லின்சி மார். அந்த 5 மைக்ரான் கணக்கு இயற்பியலோடு பொருந்தவில்லை என்று அவருக்குப் பல ஆண்டுகளாகவே உறுத்தல். எண் எங்கிருந்து வந்தது என்று தேடினால், ஒரு நூல் இன்னொரு நூலைக் காட்டும், அது மற்றொன்றைக் காட்டும், அடியில் சோதனை எதுவும் இருக்காது. கேட்டி ராண்டல் என்ற வரலாற்று ஆய்வு மாணவி அந்தத் தேடலை ஏற்றுக்கொண்டு, பழைய நூல்களையும் ஆவணங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டி, வெல்ஸின் 1955-ஆம் ஆண்டுப் புத்தகம் வரை போய், எண் இடம்மாறிய தடத்தைக் காட்டினார். உலகத்தின் தலையெழுத்தோடு விளையாடிய ஒரு பிழையை, ஊரடங்கு நாட்களில் பழைய அடிக்குறிப்புகளைப் படித்தே பிடித்திருக்கிறார்கள்.

இதற்கிடையே வைரஸ் தன் பாட்டுக்குச் சாட்சியங்களை விட்டுச் சென்றுகொண்டிருந்தது. 2020 ஜனவரி 24, சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள். குவாங்சோ நகரத்து உணவகம் ஒன்றின் மூன்றாவது மாடி. சன்னல் இல்லாத கூடம். வூகானிலிருந்து வந்த குடும்பம் ஒரு மேசையில் மதிய உணவுக்கு உட்கார்ந்தது. இருபுறத்து மேசைகளிலும் ஒருவரையொருவர் அறியாத இரண்டு குடும்பங்கள். பின்னர் மூன்று குடும்பத்திலுமாகப் பத்துப் பேருக்கு நோய் வந்தது. அதே தளத்தில் சாப்பிட்ட மற்ற 73 பேருக்கும் வரவில்லை. பரிமாறிய ஊழியர் எட்டுப் பேருக்கும் வரவில்லை. எச்சில் துளி தெறித்திருந்தால், மேசைக்கு மேசை நடந்த ஊழியர்களுக்கல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்? ஹாங்காங் பல்கலைக்கழகத்துப் பொறியாளர் யூகுவோ லி குழுவினர் அதே உணவகத்துக்குப் போனார்கள். கேமராப் பதிவுகளை நிமிடக் கணக்கில் பார்த்து, அந்தக் குடும்பங்கள் நெருங்கிப் பழகவில்லை என்று உறுதிப்படுத்தினார்கள். பிறகு வூகான் விருந்தினர் அமர்ந்த நாற்காலியிலிருந்து அடையாள வாயுவை விட்டு அது எங்கே போகிறது என்று அளந்தார்கள். ஒரு ஏசி அந்த மூன்று மேசைகளின் மேலேயே காற்றைச் சுழற்றிச் சுழற்றித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. வெளிக்காற்று ஓர் ஆளுக்கு நொடிக்கு ஒரு லிட்டர் அளவுக்குத்தான் வந்தது. கூடத்தில் இருப்பவர்களுக்கு அது எந்த மூலைக்கும் போதாது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மார்ச் 10 அன்று பாடகர் குழுவொன்று இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர், நோய் கண்டவர்கள் 53 பேர், இறந்தவர்கள் இரண்டு பேர். பாடும்போது குரல்நாண்கள் அதிர்ந்து நுண்துளிகளை அள்ளித் தள்ளுகின்றன. சிங்கப்பூரில் நோயாளிகளை மூச்சு விடவும் பேசவும் பாடவும் வைத்து வைரஸின் அளவைப் பார்த்தபோது, வெளிவந்த வைரஸில் 85 சதவீதம் 5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான நுண்துளிகளில் இருந்தது. புளோரிடாவில் மருத்துவமனை அறைக் காற்றிலிருந்து, நோயாளியின் படுக்கைக்கு 2 முதல் 4.8 மீட்டர் தள்ளி, உயிருள்ள வைரஸையே பிடித்துக் காட்டினார்கள்.

தமிழ்நாடும் ஒரு பெரிய சாட்சியம் தந்தது. நம் ஊரில் இது போதிய அளவு பேசப்படவில்லை. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் களப்பணியாளர்கள் 84,965 நோயாளிகளுடன் தொடர்பில் இருந்த 5,75,071 பேரைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்த விவரங்களை ரமணன் லட்சுமிநாராயணன் குழுவினர் ஆராய்ந்து 2020 செப்டம்பர் இறுதியில் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். அதுவரை வெளியான தொடர்புத் தேடல் ஆய்வுகளில் மிகப் பெரியவற்றில் ஒன்று அது. வீடு வீடாகப் போன சுகாதார ஆய்வாளர்களும் செவிலியர்களும் பட்ட பாட்டின் பலன் அது. முடிவு என்ன? நோயாளிகளில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர், தேடிப்பிடித்த தொடர்புகளில் யாருக்குமே பரப்பவில்லை. வெகு சிலர்தான் பெரும்பாலான தொற்றுக்குக் காரணம். பால்டிமோர் கினிப்பன்றிகள் சொன்னதும் இதுதான். இன்னொரு தகவல் இதைவிடக் கூர்மையானது. நோயாளியோடு ஒரே வாகனத்தில் ஆறு மணி நேரத்துக்கு மேல் அருகில் அமர்ந்து பயணம் செய்தவர்களில் 79.3 சதவீதம் பேருக்குத் தொற்றியது. அப்படிப் பயணம் செய்தவர்களின் எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும் பொதுவாக நெருங்கிப் பழகியவர்களில் பத்தில் ஒருவருக்கே தொற்றியது என்பதோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் மலைக்க வைக்கிறது. அடைத்த இடம், நீண்ட நேரம், ஒரே காற்று.

பிரிஸ்பேனில் பணிபுரியும் இயற்பியலாளர் லிடியா மொராவ்ஸ்கா 2020 ஏப்ரல் தொடக்கத்திலேயே சக நிபுணர்களைத் திரட்டி உலகச் சுகாதார நிறுவனத்தோடு இணையவழியில் பேசினார். பலன் இல்லை. ஜூலையில் 239 அறிவியலாளர்களின் ஆதரவோடு வெளிப்படையாகக் கடிதம் வெளியானது. நிறுவனம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவந்தது. 2021-இல் தன் விளக்கத்தை மாற்றிக்கொண்டது. 2024 ஏப்ரலில் பழைய துளி-நுண்துளிப் பிரிவினையையே கைவிட்டு, மூச்சோடு வெளிவரும் தொற்றுத் துகள்கள் எல்லா அளவிலும் இருக்கும், அருகிலும் தொலைவிலும் காற்றின் வழியே பரவும் என்ற விளக்கத்துக்கு வந்தது. அந்த நெருக்கடிக் காலத்தில் அதன் தலைமை அறிவியலாளராக இருந்தவர் நம் சௌமியா சுவாமிநாதன். சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். 2022 இறுதியில் பதவியை விட்டு விலகும்போது, காற்றில் பரவுகிறது என்பதை நிறுவனம் முன்னதாகவே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்று மனம் திறந்து சொன்னார். அவ்வளவு பெரிய பொறுப்பில் இருந்தவர் அப்படிச் சொன்னது எனக்கு மதிப்புக்குரியதாகப் படுகிறது.

கோவிட்டைத் தடுக்கச் செய்தவை வேறொரு வைரஸை என்ன செய்தன என்பதும் இந்தக் கதையின் பகுதிதான். முகக்கவசமும் ஊரடங்கும் விமானத் தடையும் சேர்ந்து இன்ஃப்ளூயன்சாவை உலகம் முழுக்க ஒடுக்கிவிட்டன. ஒரு கோவிட் நோயாளி தொடக்கத்தில் சராசரியாக இரண்டு மூன்று பேருக்குப் பரப்பினார். பருவக் காய்ச்சலில் அது ஒன்றுக்குச் சற்று மேல். ஆகவே கோவிட்டைக் குறைக்க மட்டுமே முடிந்த அதே தடைகள் காய்ச்சல் வைரஸின் சங்கிலியையே அறுத்தன. பி வகை இன்ஃப்ளூயன்சாவில் யமகாட்டா என்றொரு கிளை உண்டு; பெயர் ஜப்பானிய ஊரிலிருந்து வந்தது. 2020 மார்ச்சுக்குப் பிறகு அந்தக் கிளையின் இயற்கையான தொற்று உலகில் எங்கும் உறுதிப்படுத்தப்படவில்லை. அது இனி தடுப்பூசியில் தேவையில்லை என்று 2023 செப்டம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. நான்கு வகை வைரஸுக்கு எதிரான ஊசி மறுபடி மூன்று வகைக்குத் திரும்பியது. தடுப்பூசியால் பெரியம்மையை ஒழித்தோம். அந்த ஒரு காய்ச்சல் கிளை காணாமல் போனது நாம் ஒருவர் மூச்சிலிருந்து ஒருவர் விலகி இருந்ததால்.

எல்லா நாளும் விலகியே வாழ முடியாது. ஆனால் அறையின் காற்றை மாற்ற முடியும். இதை அறிந்தவர்கள் முன்பே இருந்தார்கள். டாக்டர் டேவிட் சவுரிமுத்து இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் காசநோய்ச் சானடோரியம் நடத்திவிட்டு ஊர் திரும்பி 1928-இல் தாம்பரத்தில் ஒன்றைத் தொடங்கினார். மருந்தே இல்லாத காலம் அது. திறந்தவெளிக் காற்றும் ஓய்வும் உணவும்தான் சிகிச்சை. காற்றோட்டம் நோயாளியைக் குணப்படுத்தும் என்று நம்பினார்கள். பக்கத்தில் இருப்பவரைக் காப்பாற்றும் என்பதற்கு இன்று அளவுகளே இருக்கின்றன. பெருவின் லிமா நகரத்தில் எட்டு மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு செய்து 2007-இல் வெளியிட்டார்கள். 1950-க்கு முன் கட்டிய, உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட வார்டுகளில் சன்னலைத் திறந்து வைத்தால் மணிக்கு 40 முறை காற்று முழுதாக மாறுகிறது. நவீனக் கட்டடங்களில் 17 முறை. இயந்திரக் காற்றோட்டம் வைத்த தனிமை அறைகளில் 12 முறை. ஒரு நாள் முழுக்கக் காசநோயாளிகளோடு இருப்பவருக்குத் தொற்றும் வாய்ப்பைக் கணக்கிட்டால் இயந்திர அறையில் 39 சதவீதம், நவீனக் கட்டடத்தில் 33, பழைய கட்டடத்தில் 11. நம் ஊர் பழைய அரசு மருத்துவமனைகளின் உயர்ந்த வார்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் அவற்றை இடித்துத் தாழ்ந்த கூரை போடுகிறவர்கள் இந்த எண்களைப் படிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. உலகில் காசநோய் காணும் நான்கு பேரில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார்.

வீட்டிலும் கடையிலும் நாம் மாட்டும் ஸ்பிளிட் ஏசி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது வெளிக்காற்றைக் கொண்டுவருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். வெளியே இருக்கும் பெட்டி அறையின் வெப்பத்தை மட்டும் வெளியேற்றுகிறது; உள்ளே இருக்கும் பெட்டி அறைக்குள்ளிருக்கும் காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திரும்ப விடுகிறது. கதவைச் சாத்திய அறையில் இரண்டு மணி நேரம் இருந்தால் ஒருவர் விட்ட மூச்சைத்தான் இன்னொருவர் இழுக்கிறார்.

எவ்வளவு இழுக்கிறார் என்று அளக்கக் கரியமில வாயுவே போதும். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. நாம் விடும் மூச்சில் சுமார் 40,000 பங்கு. அறையில் அளவு 800-க்கு ஏறினால், நீங்கள் இழுக்கும் காற்றில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு இன்னொருவர் நுரையீரலிலிருந்து வந்தது என்று பொருள். 1500-க்குப் போனால் நூற்றில் மூன்று பங்கு. 2024-இல் மொராவ்ஸ்காவும் பல நாட்டு நிபுணர்களும் பொதுக் கட்டடங்களுக்குச் சட்டமாக்க வேண்டிய அளவுகளை முன்வைத்தார்கள்: கரியமில வாயு 800-ஐத் தாண்டக் கூடாது, ஓர் ஆளுக்கு நொடிக்கு 14 லிட்டர் தூய காற்று வர வேண்டும்.

இருபது அடிக்கு இருபது அடி, உயரம் பத்தடி. நம் ஊர் ட்யூஷன் சென்டர் அறை ஒன்று இப்படித்தான் இருக்கும். அதில் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அறையின் கொள்ளளவு சுமார் 1,13,000 லிட்டர். ஒரு பிள்ளை நிமிடத்துக்குக் கால் லிட்டர் கரியமில வாயுவை விடுகிறது என்று கொண்டால், நாற்பது பேருக்குப் பத்து லிட்டர். ஏசி போட்டுச் சன்னலையும் கதவையும் இடுக்கில்லாமல் அடைத்தால், அளவு நிமிடத்துக்கு 90 பங்கு வீதம் ஏறி, பத்தே நிமிடத்தில் 1300-ஐத் தொட்டுவிடும். இனி 14 லிட்டர் வீதம் காற்று விடுங்கள். நாற்பது பேருக்கு நொடிக்கு 560 லிட்டர், அதாவது மணிக்கு இரண்டாயிரம் கன மீட்டர். கரியமில வாயு 720-க்கு மேல் ஏறாமல் நின்றுவிடும். நன்றாக ஓடும் பன்னிரண்டு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன்கள் இரண்டு இந்த வேலையை ஏறத்தாழச் செய்துவிடும். ஆனால் அவை காற்றை வெளியே தள்ள வேண்டுமென்றால் எதிர்ச்சுவரில் சன்னல் திறந்திருக்க வேண்டும். மே மாதத்தில் அதன் வழியே அனல் வரும். ஏசிக்கான மின்கட்டணம் கூடும், அல்லது ஏசியை நிறுத்திவிட்டுச் சீலிங் ஃபேனில் பாடம் நடத்த வேண்டியிருக்கும். சாயங்காலம் கொசு வரும் என்பதால் சன்னலுக்கு வலை அடிக்க வேண்டும். வலை காற்றைக் கொஞ்சம் தடுக்கும், ஆகவே கட்டும்போதே சன்னலைச் சற்றுப் பெரிதாக வைத்துவிடுவது நல்லது.